ஜீரோ வாட்

களியக்காவிளை செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்
இருநூறு அடியில் என் கடை.
தகரத்தில் எழுதியிருக்கும்: ஆக்கர் எடுக்கப்படும்.
எழுதியது நான்தான். நடுவில் 'க்' விட்டுப்போய்
பிறகு மேலே சொருகினேன்.

ஜனவரி எட்டு.
பண்டிகை முடிந்த வீடுகள் சாக்கில் ஏறி
வரத் தொடங்குகிற நாள்.

முதலில் கோயில் கமிட்டி ஏசுவடியான்,
ஆட்டோ நிறையப் பழைய சரம்.
நூற்றிருபது ஹோல்டர். கிணற்றுக்கயிறு போல வயர்.
சிவப்பும் பச்சையுமாய் பல்பு; பெயின்ட் உரிந்த இடத்தில்
கண்ணாடி வெள்ளையாய் முழிக்கிறது.
"முப்பத்தோரு வருசம் ஓடிச்சு, கேட்டியா?"
"பின்ன எதுக்கு விக்கிய?"
"பில்லு."

பல்பின் பேர் ஜீரோ வாட்.
பேர் மட்டும்தான்.
மீட்டர் அதைப் பதினைந்து என்று வாசிக்கும்.
ராத்திரி முழுக்க இரண்டு இஸ்திரிப்பெட்டியைச்
சூட்டோடு மறந்து வைத்த கணக்கு.
ஈசல் அதில் விழுந்து பொரிகிற வாசனை
எனக்குத் தெரியும்.
தொண்ணூற்றாறில் வைக்கோல் குடில் பற்றியதும் இதில்தான்.
மாடு, கழுதை, ஒரு ராஜா எல்லாம் கரி.
பாலன் களிமண் என்பதால்
வெந்து இன்னும் கெட்டியானான்.

பழசெல்லாம் பொன்னென்று நான் சொல்லப் போவதில்லை.
வயர் எட்டு கிலோ. உரித்தால் செம்பு மூன்றே கால்.
செம்பென்று பார்த்தது
செம்பாகவே இருந்தது.

அப்புறம் பிளெஸ்ஸி டீச்சர்.
ஒரே ஒரு பிளாஸ்டிக் கவர், உள்ளே ஏழு செட்.
ஏழும் இந்த டிசம்பரில் வாங்கியது.
"ஒண்ணு மூணு நாள்ல போச்சு. ஒண்ணு மழையில.
மத்தது ஏன் போச்சுன்னே தெரியல்ல."
கரண்டே குடிக்காத சாதி, அது சத்தியம்.
ஏழும் சேர்ந்து குடித்தது
ஏசுவடியானின் இரண்டு பல்பு குடிப்பதுதான்.

தராசு கொஞ்சம் யோசித்து
நானூறு கிராம் என்றது.
வயர், தலைமுடி. மேலே செம்பு நிறம்.
காந்தம் காட்டினேன், ஓடி வந்து ஒட்டிக்கொண்டது.
திறக்க ஒரு திருகாணி இல்லை,
மாற்ற ஒரு பல்பு இல்லை.
பிறக்கும்போதே வாயை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள்.
"எவ்வளவு தருவ?"
"ஜீரோ."
டீச்சர் சிரித்தார்கள்.
நான் விலைதான் சொன்னேன்.

வேண்டாமென்று திருப்பினால் எங்கே போகும்?
ஆற்றுக்கு. அல்லது தீக்குச்சிக்கு.
நானும் ஒரு காலம் எரித்தவள்தான்,
ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால், இருட்டினபிறகு.
காலையில் பால் எடுக்க வந்த ராயப்பன்
சிரட்டையை என் முன்னால் கவிழ்த்தார்.
வெள்ளைப் பாலில் கறுப்புத் தூசி.
அன்றிலிருந்து கத்தி. விரலில் ஏழெட்டுத் தழும்பு.

அன்று ராத்திரி செக்போஸ்டில் ஒரு லாரி, மேற்கிலிருந்து.
பேப்பரில் கோழித்தீவனம்.
மூக்குக்கு வேறு தகவல்.
குப்பை தெரிந்தவள் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.
தார்ப்பாயைத் தூக்கி டார்ச் அடிக்கப்போன ஏட்டு ஜெபசிங்
கையை நிறுத்தினார்.
டயப்பருக்கும் மீன்செதிளுக்கும் அடியில்
எதுவோ மினுங்குகிறது.
நீலம், நீலம், சிவப்பு, நீலம்.
பேட்டரி செட்.
"அணைக்க முடியுமா பாரு" என்றார்.
முழங்கை வரை விட்டுத் தேடினேன். ஸ்விட்ச் அகப்படவில்லை.

எழுதி வாங்கி, அபராதம் போட்டு,
வந்த வழியே திருப்பினார்கள்.
தார்ப்பாயைச் சரியாகக் கட்டவில்லை டிரைவர்.
பாறசாலை வளைவு வரைக்கும் தெரிந்தது,
யார் வீட்டுக்கோ வழி கேட்டுப் போவது போல.

டீச்சரின் ஏழும் இன்னும் இங்கேதான்.
இரும்பில் போட்டால் இரும்புக்காரன் எறிகிறான்,
பிளாஸ்டிக்கில் போட்டால் பிளாஸ்டிக்காரன்.
எந்தக் குவியல் என்று தெரியாமல்
வாசல் ஆணியில் மாட்டியிருக்கிறேன்.
வருகிறவர்கள்
அலங்காரம் என்று நினைக்கிறார்கள்.